மாப்பிள்ளை சம்பா பக்கத்துக்கு என்ன டைட்டில் வைப்பது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா பல வருஷமாகப் பாரம்பரிய நெல் மட்டும்தான் போடுகிறார். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, பூங்கார், தூயமல்லி. அரிசி, அவல், விதை நெல் மூன்றும் விற்கிறோம். போன வருஷம் வெப்சைட் போட்டோம், 22 பக்கம் இருக்கிறது. ஆனால் எங்கள் கடைப் பெயரை அடித்துத் தேடினால் மட்டும்தான் கூகுளில் வருகிறது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில்: கடைப் பெயர், அதை அடுத்து 'தமிழ்நாட்டின் நம்பர் 1 ஆர்கானிக் அரிசி'. ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார். அவர் அனுப்பிய மாதிரி டைட்டிலில் இருபது வார்த்தை இருக்கிறது. 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் அரிசி' என்றும் போடச் சொல்கிறார். டைட்டில் தமிழிலா, இங்கிலீஷிலா? எத்தனை எழுத்து? மாதா மாதம் மாற்ற வேண்டுமா?
— வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. விலை தெளிவாக இருக்கிறது. போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஆள் வராததற்கு அந்த ஒரே டைட்டில் பெரிய காரணம். 22 பக்கமும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றால், பூங்கார் விதை தேடி வருகிறவருக்கு எதை எடுத்துக் காட்டுவது என்று கூகுளும் குழம்பும், பட்டியலைப் பார்க்கிற ஆளும் குழம்புவார்.

டைட்டில் என்று இங்கே நான் சொல்வது பக்கத்துக்கு உள்ளே பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பை அல்ல. அது எச்1. நான் சொல்வது பக்கத்தின் கோடுக்குள் இருக்கும் டைட்டில் டேக். பிரவுசரின் மேல் பட்டையில் தெரிவது அதுதான். தேடல் முடிவில் நாம் விரல் வைத்துத் தட்டுகிற வரியாக வருவதும் பெரும்பாலும் அதுதான். ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று தீர்மானிக்க கூகுள் பல விஷயங்களைப் பார்க்கிறது, அவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே சரக்கு இல்லாத பக்கத்தை டைட்டில் மட்டும் மேலே தூக்கிவிடாது. உங்களிடம் சரக்கு இருக்கிறது. அது இருப்பது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்பா விதை மூட்டையில் கட்டித் தொங்கவிடும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன ரகம், எந்தப் பட்டத்து அறுவடை, எத்தனை கிலோ. அதில் போய் அவர் 'தமிழ்நாட்டின் நம்பர் 1 நெல்' என்று எழுதமாட்டார். எழுதினால் எது பூங்கார், எது தூயமல்லி என்று அவருக்கே பிரித்து எடுக்க முடியாது. டைட்டிலும் அந்த அட்டை செய்கிற வேலையைத்தான் செய்ய வேண்டும்.

இனி உங்கள் மாப்பிள்ளை சம்பா பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே அரிசி விலை, நடுவில் சமையல் குறிப்பு, கடைசியில் 'விதை நெல்லும் கிடைக்கும்' என்று ஒரு வரி. இந்தப் பெயரைக் கூகுளில் அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்துக்கு வருவதில்லை. தாம்பரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசி வேண்டும். ஏற்கெனவே வாங்கிவைத்த இன்னொருவருக்கு அரிசி வேகவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று தெரிய வேண்டும். வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவருக்கு விதை வேண்டும். எத்தனை நாள் பயிர், காற்றுக்குச் சாயுமா என்பது அவர் கவலை. இந்த மூன்று பேரையும் ஒரே டைட்டிலில் கூப்பிட முடியாது. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். பிரித்தால் டைட்டில் தானாக வந்து விழும்:

மாப்பிள்ளை சம்பா அரிசி – 1, 5, 25 கிலோ விலை | மன்னார்குடி

மாப்பிள்ளை சம்பா விதை நெல் – சம்பா பட்டத்துக்கு

மாப்பிள்ளை சம்பா அரிசி சமைப்பது எப்படி? ஊறவைக்கும் நேரம், தண்ணீர் அளவு

முதல் டைட்டிலில் 'விலை' என்ற வார்த்தை இருக்கிறது. அப்படிப் போட்டால் பக்கத்தைத் திறந்ததும் விலை கண்ணில் பட வேண்டும். 'விலைக்கு அழைக்கவும்' என்று உள்ளே போட்டுவிட்டு டைட்டிலில் விலை என்று சொன்னால், வந்தவர் அடுத்த நொடியே திரும்பிப் போய்விடுவார். இரண்டாவதில் 'சம்பா பட்டத்துக்கு' என்று நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. மாப்பிள்ளை சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கிற நீண்ட நாள் ரகம். ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் பருவமான குறுவைக்கு விதை தேடும் ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. டைட்டிலைப் பார்த்ததுமே அவர் விலகிப் போய்விட்டால் அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் வீண் போன் இல்லை. வருகிற கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வருகிறவர் வாங்குகிறவராக இருக்க வேண்டும்.

பூங்காருக்கு இது நேர்மாறு. அது குறுகிய கால ரகம், குறுவைக்குப் பொருந்துவது. 'பூங்கார் விதை நெல் – குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகம்' என்று போடலாம். நாள் கணக்கையும் சேர்க்க விரும்பினால், உங்கள் வயலில் விதைத்து எத்தனை நாளில் அறுத்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டு அந்தக் கணக்கை எழுதுங்கள். வேறு தளத்தில் பார்த்ததை எடுத்துப் போட வேண்டாம். மண்ணுக்கும் பட்டத்துக்கும் தகுந்தபடி அது கூடும், குறையும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை இருந்தது. கொடுத்தவர் சொன்னதை நம்பி வாங்கி, போட்டுப் பார்த்து, பெருக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி நம்பிக்கையில் கைமாறிய விதைகள்தான் இன்று உங்கள் தளத்தில் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றின் டைட்டிலில் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தப் பொறுப்பு இருக்கிறது.

முகப்புப் பக்கத்தில் மட்டும் கடைப் பெயர் முன்னால் வரலாம்: பெயர், 'பாரம்பரிய அரிசி, அவல், விதை நெல்', ஊர். மற்றப் பக்கங்களில் பெயர் கடைசியில் வந்தால் போதும். நீளமான பெயராக இருந்தால் விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை, 2022இலிருந்து தேடல் முடிவில் தளத்தின் பெயரைக் கூகுள் தனியாக மேலே காட்டுகிறது. 'நம்பர் 1' வேண்டவே வேண்டாம். அரிசி வாங்க வருகிற யாரும் அந்த வார்த்தையைத் தேடுவதில்லை. ஊர்ப் பெயராகச் சிலர் 'டெல்டா' என்று மட்டும் போடுகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து நேரில் வந்து வாங்க நினைப்பவர் மன்னார்குடி, திருவாரூர் என்றுதான் அடிப்பார். வெளியூர்க்காரருக்காக 'காவிரி டெல்டா' என்பதைப் பக்கத்துக்குள்ளே சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை எழுத்து என்று கேட்டீர்கள். கூகுள் எழுத்துக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. திரையில் இருக்கும் அகலத்துக்குத் தகுந்தபடி வெட்டிவிடுகிறது. இங்கிலீஷில் 50, 60 எழுத்து என்று எல்லாரும் சொல்வது இந்த அகலத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. 'மாப்பிள்ளை' என்பது நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் துணைக்கால் மாதிரிக் குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பத்து. புள்ளி தலைக்கு மேல் நிற்பதால் அகலத்தில் இடம் பிடிப்பதில்லை, 'ளை' இரண்டு எழுத்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் எழுத்தை எண்ணிப் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு காட்டும் கருவிகளைத் தமிழ் டைட்டிலுக்கு நம்ப வேண்டாம். முதல் நான்கைந்து வார்த்தைக்குள் ரகத்தின் பெயரும், அது அரிசியா விதையா அவலா என்பதும் வந்துவிட வேண்டும். பின்னால் இருப்பது வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. எழுதி முடித்ததும் உங்கள் போனிலேயே தேடிப் பாருங்கள். எங்கே வெட்டுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையிலிருந்தோ டிடிபி சென்டரிலிருந்தோ வாங்கிய எழுத்தை அப்படியே காப்பி செய்து டைட்டிலில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், கூகுளுக்கு அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. உங்கள் அவல் பக்கத்தின் விவரத்தில் ஒரு வரி அப்படித்தான் கிடக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் தமிழாகவே படிக்கிற யூனிகோடில் திரும்ப அடித்துவிடுங்கள்.

தமிழா, இங்கிலீஷா? பக்கம் எந்த மொழியிலோ டைட்டிலும் அதே மொழியில், அதே எழுத்தில் இருக்கட்டும். கூகுளும் தன் வழிகாட்டியில் இதைத்தான் சொல்கிறது. தமிழ்ப் பக்கத்துக்கு இங்கிலீஷ் டைட்டிலோ, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய டைட்டிலோ வைக்கக் கூடாது. ஆனால் போனில் இங்கிலீஷ் எழுத்தில்தான் பலர் அடித்துத் தேடுகிறார்கள் என்பதும் உண்மை. பெங்களூரு, சிங்கப்பூர் ஆர்டர்கள் உங்களுக்கு வருவதாகத் தெரிகிறது. அவர்களுக்காக அதிகம் விற்கிற நான்கு சரக்குக்கு மட்டும் தனியாக இங்கிலீஷ் பக்கம் போடுங்கள், அதற்கு இங்கிலீஷ் டைட்டில் வையுங்கள். ஒரே டைட்டிலில் இரண்டு எழுத்திலும் ரகத்தின் பெயரைத் திணிப்பதை நான் விரும்புவதில்லை. இருக்கிற கொஞ்ச இடத்தில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னதாகிவிடும்.

பெயரை எழுதும் விதத்திலும் இதே சிக்கல்தான். கருப்பு கவுனி, கறுப்பு கவுனி, கருப்புக் கவுனி, வெறும் கவுனி அரிசி என்று பலவிதமாக அடிக்கிறார்கள். டைட்டிலில் ஒன்றை மட்டும் வையுங்கள், மற்றவை பக்கத்துக்குள் இயல்பாக வரட்டும். எதை வைப்பது என்று ஊகிக்க வேண்டாம். கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். அதில் உங்கள் தளத்தை இணைத்துவிட்டால், மக்கள் எந்த வார்த்தையை அடித்தபோது உங்கள் பக்கம் தெரிந்தது என்று அப்படியே காட்டும். உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் மெசேஜ்களையும் ஒரு தடவை புரட்டுங்கள். 'அண்ணா, கவுனி அரிசி கிலோ என்ன விலை' என்று ஒருவர் கேட்டிருந்தால், அதிலேயே பாதி டைட்டில் இருக்கிறது.

அந்த இருபது வார்த்தை டைட்டிலுக்கு வருகிறேன். ஆர்கானிக் அரிசி, இயற்கை அரிசி, பாரம்பரிய அரிசி, சிவப்பு அரிசி, நாட்டு அரிசி என்று அடுக்கினால் எல்லாத் தேடலிலும் வரலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் காலம் போய்விட்டது. மெட்டா கீவேர்ட்ஸ் என்று, பக்கத்தின் கோடுக்குள் தேடல் வார்த்தைகளைப் போட்டுவைக்கும் ஒரு பெட்டி நிறைய எழுதித் தந்திருக்கிறாரே, அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. வார்த்தைகளை அடுக்கிய டைட்டிலை வைத்தால் கூகுள் அதை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு தலைப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் கூடும். பக்கத்துக்குள் இருக்கும் எச்1, மற்றப் பக்கங்களிலிருந்து அதற்கு வரும் லிங்க்கின் எழுத்து என்று பல இடத்திலிருந்து எடுக்கும். 2021 ஆகஸ்டில் இந்த முறையை மாற்றியபோது உலகம் முழுக்கத் தளம் வைத்திருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அடுத்த மாதமே அதைத் திருத்தி, சுமார் 87 சதவீதம் தருணங்களில் தளத்துக்காரர் வைத்த டைட்டிலையே பயன்படுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. மிச்சம் இருக்கிற பங்கில் நீங்கள் போய் விழாமல் இருக்க வழி எளிது. பக்கத்துக்குப் பக்கம் டைட்டில் வேறாக இருக்கட்டும். டைட்டிலும் எச்1உம் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே விஷயத்தைச் சொல்லட்டும். வருஷத்தைப் போட்டால் வருஷா வருஷம் மாற்றுங்கள். 'விலைப் பட்டியல்' என்ற பக்கத்தில் பழைய வருஷம் அப்படியே நிற்கிறது, அதைப் பார்க்கிறவர் கடை மூடிவிட்டதோ என்று நினைப்பார்.

'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் அரிசி' என்ற டைட்டிலை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் வருஷ விதிகள் தடுக்கின்றன. சட்டத்தை விடுங்கள். அந்த வரியைத் தேடி வருகிறவர் யார்? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை ஏறிவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்குப் பயத்தோடு போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர். அவர் உங்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு வேளை கவுனிச் சோறு போட்டால் என்ன ஆகும்? எந்த ரகமாக இருந்தாலும் அரிசி மாவுச்சத்துதான். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், பாலிஷ் போடவில்லை, எங்கள் வயலில் விளைந்தது: இவை உண்மை, தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். 'ஆர்கானிக்' என்பதும் அப்படித்தான். இயற்கை விளைச்சலுக்குத் தரப்படும் பிஜிஎஸ் இந்தியா சான்றோ என்பிஓபி சான்றோ கையில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் என்ன உரம் போட்டீர்கள், எதைப் போடவில்லை என்று பக்கத்துக்குள் விளக்கமாக எழுதுங்கள்.

15,000 ரூபாய் ஆசாமியிடம் பணம் கொடுக்க வேண்டாம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. 'கருப்பு கவுனி அரிசி' என்று மட்டும் தேடினால் பெரிய ஆன்லைன் கடைகள் முன்னால் நிற்கும், அவற்றோடு அங்கே போய் மல்லுக்கு நிற்பது உங்களுக்கு இப்போதைக்கு வேலையில்லை. பெரிய கடைக்குத் தெரியாத கேள்விகள் இருக்கின்றன. பூங்கார் நேரடி விதைப்புக்கு வருமா, மாப்பிள்ளை சம்பா அவலை எப்படி ஊறவைப்பது, கவுனி அரிசி கஞ்சிக்கு எப்படி உடைப்பது. இதற்கெல்லாம் உங்கள் வீட்டில் பதில் இருக்கிறது. அம்மாவை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கேள்வியையே டைட்டிலாக வையுங்கள்.

அவர் சொன்ன இன்னொரு யோசனையும் தப்பு. கூகுள் மேப்பில் வருகிற பிசினஸ் புரொஃபைலில் கடைப் பெயரோடு 'பாரம்பரிய அரிசி ஆர்கானிக் விதை நெல் மன்னார்குடி' என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் அங்கே இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள், நேரில் வருகிற ஆட்களும் வழி தெரியாமல் போய்விடுவார்கள்.

மாதா மாதம் மாற்றத் தேவையில்லை. ஒரு தடவை மாற்றினால் கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பிறகு பொறுத்திருந்து இரண்டு எண்ணிக்கையைப் பாருங்கள்: பக்கம் எத்தனை தடவை தேடலில் தெரிந்தது, எத்தனை பேர் தட்டினார்கள். நிறையத் தடவை முன்னால் தெரிந்தும் யாரும் தட்டவில்லை என்றால் டைட்டிலைத் திருத்துங்கள். தெரியவே இல்லை என்றால் டைட்டிலைத் திருத்திப் பயனில்லை, பக்கத்துக்குள்ளே எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது. பருவத்தையும் கணக்கில் வையுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், போர்வெல் வைத்திருக்கிறவர்கள் அதற்கு முன்பே குறுவை நாற்று விட்டுவிடுவார்கள். குறுவை விதைப் பக்கத்தை ஆடியில் பார்த்துவிட்டு 'கூட்டம் குறைந்துவிட்டது, டைட்டில் சரியில்லை' என்று மாற்றிவிடாதீர்கள். போன வருஷம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கும், அதற்காகவே இன்றைக்கே இணைத்துவிடுங்கள்.

வேலையை விதைப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். பங்குனிக்குள் அவை தயாராகிவிட வேண்டும். அடுத்து மாப்பிள்ளை சம்பாவையும் கவுனியையும் பிரியுங்கள், அவல் பக்கம் அதற்குப் பிறகு. உங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸில், தேடலுக்கான விவரங்களை எழுத உதவும் எஸ்இஓ பிளக்இன் ஏற்கெனவே இருக்கிறது, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே டைட்டில் எழுதும் பெட்டி வரும். அதிலேயே சோஷியல் என்று இன்னொரு பெட்டி இருக்கும். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது தெரிகிற தலைப்பு அங்கிருந்து வருகிறது, அங்கேயும் பழைய 'நம்பர் 1' வரி ஒட்டிக்கொண்டிருக்கும், எடுத்துவிடுங்கள். பிரிக்கும்போது பழைய மாப்பிள்ளை சம்பா பக்கத்தின் முகவரியை அழித்துவிடாதீர்கள். அதையே அரிசிப் பக்கமாக வைத்துக்கொண்டு, விதைக்கும் சமையலுக்கும் புதுப் பக்கம் போடுங்கள். இதுவரை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய லிங்க்கெல்லாம் அந்தப் பழைய முகவரிக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன.